உடன்போக்கும் கரணமும்



உடன்போக்கு என்ற அளவிலே முகஞ்சுளிக்கும் பெற்றோரும், அதனை இக்காலச் சீர்கேடென்று பழிக்கும் பெரியோரும் இன்றும் உளர். அவ்வொழுக்கம் திரைப்படக் கொட்டகையிற் பிறந்ததன்று. ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியைப் பாடிய ஓதலாந்தையார், மகள் சென்றபின் தாய் இரங்குவதற்கு ஒரு பத்தும், இருவரும் சுரத்திடை நடப்பதற்கு ஒரு பத்தும் பாடியதோடமையாது, அவர்கள் மீண்டு வருவதற்கு 'மறுதரவுப் பத்து' என்று தனியே ஒரு பத்தும் பாடியுள்ளார். போதல் மட்டுமன்று, திரும்பி வருதலும் அவ்வொழுக்கத்தின் உறுப்பேயாம்.

கொடுத்தற்குரியோர் கொடாவிடத்தும், இருவரும் ஒன்றி உடன்சென்ற காலை அவர்க்குக் கரணம் உண்டென்பது தொல்காப்பியக் கற்பியற் செய்தி. பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று அதற்குக் காரணமும் ஆங்கே காட்டப்படுகின்றது. ஒருத்தியை அழைத்துச் சென்றவன், பின்னாளில் "இவள் யாரோ" என்று கைவிடாமைக்காக எழுந்ததே கரணம். கரணம் என்றதும் தீவலமும் வடமொழி ஓதலும் நினைவிற்கு வருவோர், அகநானூற்றின் 86ஆம் 136ஆம் பாட்டுகளைப் புரட்டிப் பார்ப்பாராக. அம் மணவிழாக்களில் அவ்விரண்டும் இல்லை.

இப் பழநெறியின் சாயலை இன்றும் காண விழைவோர் சவ்வாது மலைக்குச் செல்லலாம். மலைபடுகடாம் போற்றும் சேயாறு தோன்றுவது அம் மலையிலேதான். அங்கு வாழும் மலையாளி மக்களைப் பெயர்கொண்டு சேரநாட்டார் என மயங்கற்க. அவர்கள் தமிழ் பேசும் மலைக்குடியினர். மணமகன் வீட்டார் பெண்வீட்டார்க்குப் பரியம் கொடுத்தல் அவர்தம் வழக்கம். விலைபேசி மணமகனை வாங்கும் கீழ்நாட்டார் இதனைக் கண்டு நாணுதல் தகும்! இளையோர் இருவர் உடன்சென்றுவிடின், ஊர்ப்பெரியோர் கூடிப் பேசிப் பரியத்தையும் ஒறுப்புப் பணத்தையும் தீர்த்து, அவர்களை ஏற்றுக்கொள்ளுதலும் உண்டு.

ஆயின், அத் தீர்வுக்குச் சான்று பெரியோர் நினைவு மட்டுமே. இங்கேதான் இடர் தொடங்குகின்றது.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், நடுவணரசு அரசிதழில் அறிவித்தாலன்றிப் பட்டியற் பழங்குடியினர்க்குப் பொருந்தாதென்று அதன் 2ஆம் பிரிவே கூறுகின்றது. மலையாளிகள் அப் பட்டியலிற் சேர்ந்தவர். அவர்க்கு வழக்கமே சட்டம். வழக்கத்தையோ மெய்ப்பித்தாக வேண்டும். மெய்ப்பிக்க இயலாதபோது நேர்வதென்ன? சந்தால், ஒராவோன் குடிகளைச் சேர்ந்த இணையரின் வழக்கொன்றில் உச்ச முறைமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. கணவன் மற்றொருத்தியை மணந்தான் என்பது மனைவியின் முறையீடு. இரண்டாம் மணத்தைச் செல்லாததாக்கும் வழக்கம் எடுத்துக்காட்டப்படவில்லை என்று அம் முறையீடு தள்ளப்பட்டது. மலைமகளிர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

தமிழ்நாட்டில் எளியதொரு வழியுண்டென்பது பலரறிந்ததே. 1967இல் இயற்றப்பெற்று, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த 7அ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினும், மாலையோ கணையாழியோ மாற்றினும், தாலி கட்டினும் திருமணம் நிறைவுறும். அதனை ஊரறிய நிகழ்த்த வேண்டியதில்லை என்று 2023 ஆகத்து 28இல் உச்ச முறைமன்றம் தெளிவுறுத்தி, சென்னை உயர்முறைமன்றத்தின் 2014ஆம் ஆண்டு மாறுபட்ட தீர்ப்பை நீக்கியது. ஆனால் இப் பிரிவும் அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்திற்குள்ளேயே இருப்பது. ஆகவே மலைக்குடி இணையர்க்கு ஐயத்திற்கிடமில்லாத வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே. குடியும் சமயமும் அதற்குத் தடையல்ல.

அவ்வழி சற்றே நீண்டது. இருவருள் ஒருவரேனும் திருமண அலுவலரின் எல்லைக்குள் 30 நாள் தங்கியிருத்தல் வேண்டும். சட்டத்தில் 'மாவட்டம்' என்றிருப்பது அவ்வலுவலர்க்குரிய எல்லையையே குறிக்கும். மலை ஒன்றாயினும் எல்லைகள் பல: சமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது, புதூர்நாடு திருப்பத்தூரைச் சேர்ந்தது, பீஞ்சமந்தை வேலூரைச் சேர்ந்தது. எவ்வலுவலகம் என்பதை முன்னரே உசாவித் தெளிக.

அறிவிப்புக் கொடுத்ததும் அது அலுவலகத்தில் ஒட்டப்படும். வேற்றூரில் அறிவிப்புக் கொடுத்தாலும், நிலையாக வாழும் ஊருக்குரிய அலுவலர்க்கு அதன் படி செல்லும், ஆங்கும் ஒட்டப்படும். சென்னைக்கு ஓடினாலும் செய்தி மலையேறிவிடும்! பழம்பாட்டில் அலரைத் தூற்றியவர் ஊர்ப்பெண்டிர். இக்காலத்தில் அரசே தூற்றுகின்றது. காதலர்தம் உயிர்க்கே ஊறு சூழும் நாட்டில் இந்நெறி வேண்டற்பாலதன்று. எனினும் அது சட்டத்தில் உள்ளவரை, அந்த 30 நாளை எங்கே, யார் காப்பில் கழிப்பது என்பதே திட்டத்தின் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். 2018 மார்ச்சுத் தீர்ப்பில் உச்ச முறைமன்றம், இத்தகைய இணையர்க்கென மாவட்டந்தோறும் காவல்துறைத் தனிப்பிரிவு அமைக்குமாறு ஆணையிட்டது. புறப்படுமுன் மாவட்டக் காவற் கண்காணிப்பாளர்க்கு எழுத்து வடிவில் முறையிட்டு, அதன் படியைக் கையில் வைத்திருத்தல் நன்று.

பெற்றோர்க்கு விருப்பமில்லை என்பது சட்டப்படி தடையாகாது. அகவை நிரம்பாமை, முன்மணத் துணை உயிரோடிருத்தல், மனநலக்குறை, விலக்கப்பட்ட உறவு ஆகியனவே தடைகளாம். மாமன் மகளும் அத்தை மகனும் இச்சட்டத்தின் விலக்குறவுப் பட்டியலில் அடங்குவர். முறைப்பெண்ணை மணக்க எண்ணுவோர் அதனை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்க. தடையேதும் எழாவிடின், 30 நாள் கழிந்தபின், அறிவிப்பு நாளினின்று மூன்று திங்களுக்குள், சான்றாளர் மூவர் முன்னிலையில் மணம் முடியும்.

அகவையைப் பற்றி வளைந்து பேசுதற்கில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பெண் 18 நிரம்பாதவளாயின், அவள் இசைந்தே வந்தாலும் அழைத்துச் சென்றவன் கடத்தற் குற்றத்திற்கும், சிறாரைப் பாலியற் குற்றங்களினின்று காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் ஆளாவான். அங்கே உடன்போக்கு இல்லை, காத்திருத்தலே உண்டு. மலைச்சிற்றூர்களில் வீட்டிலேயே பிறந்தோர்க்குப் பிறப்புப் பதிவு இல்லாமற் போயிருக்கலாம். பள்ளிச்சான்றையேனும் முன்னதாகவே பெற்று வைத்தல் வேண்டும். சினந்த வீட்டிலிருந்து சான்றிதழைப் பின்னர் எடுத்துவர எவராலும் இயலாது.

ஊர்ப்பெரியோர் முன்னிலையில் வழக்கப்படியே மணந்து முடித்தவர்க்கும் ஒரு கடமையுண்டு. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009ஆம் ஆண்டினது. சமயமும் குடியும் பாராது எல்லார்க்கும் உரியது. மணநாளிலிருந்து 90 நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் கூடுதற் கட்டணத்தோடு 150 நாள் வரை இடமுண்டு. பரியம் பேசித் தீர்த்த பெரியோர் இருவரையே சான்றாளராக மலையிறக்கி அழைத்துச் செல்லலாம். மறுதரவு முடிந்து வீடு திரும்பும் பெண், அப் பதிவுச் சான்றின் ஒரு படியைத் தன் பெட்டியில் தானே வைத்துக்கொள்ளட்டும்.