இரவுப் பதிப்பும் இல்லறமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்திரிகைத் துறையில் என் அனுபவங்கள்" என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எந்தத் தலைவரைச் சந்தித்தேன், எந்தச் செய்தியை முந்தித் தந்தேன் என்றெல்லாம் சொல்லலாம். அப்படிப் பேச நம் மாணவர்களுக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். நான் இன்று பேச நினைப்பது என் தொழிலும் என் குடும்பமும் மோதிக்கொண்ட கதையை. இது என் மனைவியின் கதையும் என்பதால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா சொல்லுங்க. ஆனா உங்களுக்குச் சாதகமா எடிட் பண்ணிராதீங்க" என்றார். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ஜாக்கிரதையாகவே பேசுகிறேன். (சிரிப்பு)

1976-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனேன். 1978-ல் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துக் காலம் அது. டெலிபிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளும் ஆங்கிலச் செய்தியைக் கிழித்து எடுத்து, தமிழாக்கி, தலைப்பு போட்டு, கம்பாசிங் அறைக்கு அனுப்ப வேண்டும். கை முழுக்க மையோடு ஓடி வரும் பையன் புரூப்பைக் கொடுத்துவிட்டு, "சார், பக்கம் காத்திருக்கு" என்பான். அந்த வார்த்தைக்கு ஒரு போதை உண்டு. பக்கம் நமக்காகக் காத்திருக்கிறது என்கிற நினைப்பு, வாலிப வயதில் தலைக்கு ஏறிவிடும். எனக்கு ஏறியது.

1982-ல் திருமணம். மனைவி தென்காசிக்காரர். ஆசிரியப் பயிற்சி முடித்து ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்காக வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்தார். 1985-ல் மகள் பிறந்தாள். 1989-ல் நான் செய்தி ஆசிரியர் ஆனேன். மாலை 6 மணிக்கு அலுவலகம் போனால், வெளியூர்ப் பதிப்பு, உள்ளூர்ப் பதிப்பு எல்லாம் முடித்து வீடு திரும்பும்போது விடியற்காலை 3 மணி. நான் எழுந்திருக்கும்போது மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். அவள் திரும்பி வரும்போது நான் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரே வீட்டில் இருந்தும் பேச நேரமில்லாததால் அடுக்களை அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டோம். "கேஸ் தீந்துடுச்சு", "பாப்பாவுக்கு பீஸ் கட்டணும்", "உங்க அம்மா லெட்டர் போட்டிருக்காங்க" என்று அவர் எழுதுவார். கீழே நான் "சரி" என்று எழுதுவேன். பல வருஷம் எங்கள் இல்லறம் அந்த நோட்டில்தான் நடந்தது.

பெரிய செய்தி வரும் நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987 டிசம்பர் 24 அதிகாலையில் எம்.ஜி.ஆர். மறைந்தார். அன்று அலுவலகம் போனவன் மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சம்பவம் நடந்தது 10.20 மணி வாக்கில். எங்களுக்குத் தகவல் வந்தபோது வெளியூர்ப் பதிப்பு அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினை நிறுத்தச் சொன்னேன். விடிவதற்குள் முதல் பக்கத்தை மூன்று தடவை மாற்றினோம். மறுநாள் காலை தென்காசியில் என் மைத்துனருக்குக் கல்யாணம். முதல் நாளே போன மனைவியும் மகளும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் நள்ளிரவு பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. மறுநாள் பஸ்ஸும் ஓடவில்லை.

நண்பர்களே, என் மனைவி அந்தக் கல்யாணத்துக்கு நான் வராததை இன்றுவரை ஒரு குறையாகச் சொன்னது கிடையாது. "அன்னிக்கு நீங்க வந்திருந்தாத்தான் தப்பு" என்றே சொல்லியிருக்கிறார். ஆனால் நான் அந்த இரவைத்தான் பல வருஷம் கேடயமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஏன் லேட் என்று கேட்டால், "பத்திரிகைக்காரன் பொழப்பு அப்படித்தான். ராஜீவ் காந்தி செத்த அன்னிக்கு..." என்று ஆரம்பித்துவிடுவேன்.

உண்மை என்ன? வருஷத்தில் 365 நாளில் அப்படிப்பட்ட நாள் எத்தனை வரும்? நான்கோ ஐந்தோ. மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்கே கடைசிப் பக்கம் போய்விடும். அதற்குப் பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன். டீ வரும். அரசியல் பேசுவோம். அச்சான முதல் பிரதியைக் கையில் வாங்கிப் பிழை தேடுவேன். வீட்டுக்குப் போனால் கேள்வி இருக்கும், கணக்கு இருக்கும், அழுத முகம் இருக்கும். ஆபீஸில் எல்லோரும் "சார்" என்பார்கள். அதனால் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருந்தேன்.

1993 ஜூன் மாதம். ஒருநாள் விடியற்காலை வந்து விளக்கைப் போட்டேன். வீட்டில் யாரும் இல்லை. நோட்டு திறந்திருந்தது. "நானும் பாப்பாவும் அம்மா வீட்டுக்கு போறோம். எப்ப வருவோம்னு தெரியல. பால்காரர்கிட்ட சொல்லிட்டேன்." இவ்வளவுதான்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எடிட் பண்ணக் கூடாது என்று உத்தரவு, அதனால் சொல்கிறேன். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. "வீட்டுக்கு போறோம்" என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தது. என் கை தானாகப் போய் ஒரு "ப்" போட்டது. போட்ட பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்பதே மண்டையில் ஏறியது. வீட்டைவிட்டுப் போகிறேன் என்று பெண்டாட்டி எழுதிய கடிதத்துக்கு புரூப் பார்த்தவன் நான்.

முதல் ஒரு மாதம் வீறாப்பாக இருந்தேன். கோபம் தணிந்தால் வருவாள் என்று நினைத்தேன். அவர் அங்கே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. மகளையும் அங்கேயே சேர்த்தாகிவிட்டது. ஓட்டல் சாப்பாடு. செப்டம்பரில் எனக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் மூன்று வாரம் எழுந்திருக்கக் கூடாது என்றார். கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்தேன்.

அந்த மூன்று வாரமும் தினசரி காலை ஆறு மணிக்குப் பத்திரிகை வாசலில் வந்து விழுந்தது. எல்லாப் பக்கமும் இருந்தது. தலைப்புகள் சரியாகவே இருந்தன. சில நாள் நான் போட்டிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தன. பார்க்க வந்த எங்கள் அச்சக ஃபோர்மேன், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், பேப்பர் டயத்துக்குப் போயிட்டிருக்கு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் குத்தியது. பதினைந்து வருஷமாக நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நம்பியது நடந்துகொண்டிருக்கிறது. நான் இல்லாததால் நடக்காமல் போனதெல்லாம் தென்காசியில் இருக்கிறது.

உடம்பு தேறியதும் தென்காசி போனேன். மாமனார் "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மனைவி காபி கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சினிமாவாக இருந்தால் அங்கே சுபம் போட்டுவிடலாம். என் மனைவி எழுந்துபோய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். எங்கள் தொழிற்சங்கத்துக்காக நான் தமிழில் எழுதித் தந்த துண்டுப் பிரசுரம் அது.

அப்போது நடைமுறையில் இருந்த 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பற்றியது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் பத்திரிகையாளரிடம் வேலை வாங்கக் கூடாது. ஏழு நாளில் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அந்த ஓய்வில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரம் கட்டாயம் அடங்க வேண்டும். இதெல்லாம் நானே எழுதியது.

"நீங்க வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆபீஸ்ல இருந்தீங்க?" என்று கேட்டார். மனக்கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 9 மணி, ஆறு நாளைக்கு 54. நான்கு வாரத்துக்கு 216. ஏழாவது நாள் லீவிலும் சாயங்காலம் "சும்மா ஒரு எட்டு" போய்விட்டு வருவேன், அது தனி. "ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னீங்களே, நம்ம வீட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நிர்வாகம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று பொய் சொல்லவும் முடியவில்லை. உட்கார்ந்திருந்தது நான்.

அவர் உடனே கிளம்பி வந்துவிடவில்லை. கல்வியாண்டு முடியட்டும் என்றார். அதுவரை வாரம் ஒருமுறை நான் போய் வந்தேன். வாராந்தர விடுமுறைக்கு முதல் நாள் இரவு பஸ் பிடித்து, மறுநாள் இரவு திரும்புவேன். 1994 மே மாதம் மதுரைக்கு வந்தார். மூன்று நிபந்தனை. மதுரையிலும் அவர் வேலைக்குப் போவார். விடுமுறை நாளில் நான் அலுவலகப் பக்கம் தலைவைக்கக் கூடாது. மூன்றாவது, அந்த நோட்டு இனி வேண்டாம். எதுவானாலும் நேரில் பேச வேண்டும்.

நேரில் பேச இரவு வேலையை விட வேண்டியிருந்தது. நானே எழுதிக் கேட்டு, செய்திப் பிரிவிலிருந்து ஞாயிறு மலருக்கு மாறிக்கொண்டேன். பகல் வேலை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் என் நாற்காலிக்கு வந்தார், பிற்பாடு ஆசிரியராகவும் ஆனார். நான் 2013-ல் மலர்ப் பொறுப்பாசிரியராகவே ஓய்வு பெற்றேன். வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. 2004 சுனாமியின்போது டெஸ்க் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, நான் ஓரமாக நின்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எதையும் இழக்காமல் இரண்டையும் காப்பாற்றினேன் என்று உங்களிடம் சொன்னால் அது ஏமாற்று.

எல்லாம் திரும்பக் கிடைத்துவிடவும் இல்லை. மகளின் நாலு வயது முதல் எட்டு வயது வரை என் ஞாபகத்தில் பெரும்பாலும் தூங்குகிற முகம்தான். இன்றைக்கும் அவள் போன் செய்து நான் எடுத்தால், "நல்லா இருக்கீங்களாப்பா? அம்மா இருக்காங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்பாள். அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

நம் துறையின் முன்னோடி ஒருவரை இங்கே நினைக்கிறேன். 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் மகாகவி பாரதியார். பத்திரிகை எழுத்துக்காகவே 1908-ல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்தாண்டு வாழ நேர்ந்தது. அவர் எழுதியதெல்லாம் நமக்குப் பாடம். அந்த வீட்டில் அரிசியும் விறகும் உண்டா என்று பார்த்தவர் செல்லம்மா. அவர் 1951-ல் திருச்சி வானொலியில் "என் கணவர்" என்று பேசினார். மாணவர்கள் அதைத் தேடிப் படியுங்கள். நாட்டுக்காக வீட்டை மறந்த பாரதியாரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? நான் மறந்தது ஒரு டீக்கும் அரட்டைக்கும்.

இளைஞர்களே, இன்று எங்கள் காலம்போல் விடியற்காலைவரை அச்சகத்தில் நிற்க வேண்டியதில்லை. ஆபீஸே சட்டைப்பையில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிணுகிணுக்கிறது. பத்திரிகை என்றில்லை, டாக்டர், போலீஸ், கம்ப்யூட்டர் எதுவானாலும் உங்களுக்கும் "பக்கம் காத்திருக்கு" என்று ஒரு குரல் கேட்கும். நிஜமாகவே காத்திருக்கும் நாட்கள் வரும். அன்று ஓடுங்கள், வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்ற நாட்களில் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நான் போட்ட சிவப்பு "ப்"-ஐப் பிறகு ஒருநாள் மனைவி பார்த்துவிட்டார். சண்டை வரும் என்று பயந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "திருத்தினது சரிதான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. (கைதட்டல்)