சாரணியரின் ஓராண்டு



செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் பண்டார் தெங்காராவில், பெண் பிள்ளைக்குச் சாரணியர் இயக்கம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இன்றும் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தத் தகவல்.

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைக்காமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். மறு ஆண்டே பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. மலாயாவுக்கு அது 1916இல் வந்தது. ஆரம்பப் பள்ளியில் ‘துனாஸ் புத்ரி’, இடைநிலைப் பள்ளியில் ‘பாண்டு புத்ரி’ என்று இன்று நாம் அறிந்திருப்பது அதைத்தான்.

ஓராண்டில் எத்தனை வேலைகள்! பிப்ரவரி 22இல் உலகச் சிந்தனை நாள், பிறகு அணிவகுப்பு, முகாம், சமையல், சமூகச் சேவை. எனக்கு மிகவும் பிடித்தது முதலுதவிப் பயிற்சி. முக்கோணத் துணியால் தோழியின் கையைத் தாங்கிக் கட்டும்போது, வலது நுனியை இடதின் மேலும், பிறகு இடது நுனியை வலதின் மேலும் போட்டு இறுக்க வேண்டும். அந்த முடிச்சு தட்டையாகப் படியும், உடம்பை உறுத்தாது, அவிழ்ப்பதும் எளிது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் இந்த முதலுதவிக் கைப்பழக்கம் உயிர் காக்க உதவும்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவில், சாரணியர் இயக்கம் போன்ற புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு மதிப்பெண் உண்டு. அது கூடுதல் பயன்தான்.

பெற்றோரே, முகாமுக்கு அனுமதிக் கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.