ஏழு மலை தாண்டி ஒரு கிளி

(தலைப்பு: இன்றைய குழந்தைகளுக்குச் சிரிப்பு மாயக்கதைகள் தேவையா? தேவையில்லையா? "தேவையே" அணியில் இரண்டாவதாகப் பேசியது. இடம்: ஏற்காடு)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே உட்கார்ந்திருந்தாலும் மனசுக்குள்ளே எங்கள் பக்கமே இருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் மலையேறி வந்து மாட்டிக்கொண்ட சேலத்து உறவுகளே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா ஒரு போடு போட்டார்கள். "ராட்சசனும் வேதாளமும் பறக்கும் பாயும் பிள்ளைகளுக்கு எதற்கு? அறிவியலைக் கொடுங்கள்" என்றார்கள். "மாசா மாசம் அதே ராஜா, அதே மரம், அதே பிணம், இதுக்குப் பேர் ஒரு தொடரா?" என்றும் கேட்டார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். குளிருக்கு இதமாக இருந்தது. (சிரிப்பு)

சரிங்கம்மா, அறிவியலையே முதலில் எடுத்துக்கிறேன். பரமார்த்த குரு கதை தெரியும் உங்களுக்கு. எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்து, நம்ம ஊர் அசட்டுத்தனத்தை நம்மைவிட நன்றாகக் கவனித்த மனுஷர். (சிரிப்பு) அந்தக் குருவுக்கு அஞ்சு சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆற்றைக் கடக்கணும். ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும், தூங்கும்போதுதான் கடக்கணும் என்பது குருவின் கட்டளை. ஒரு சீடன் எரிகிற கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தான். சுர்ர்ரென்று சீறியது. ஐயோ, விழிச்சிருக்கு! ஓடி வந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதே கட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். சத்தமே இல்லை. தூங்கிடுச்சு! (சிரிப்பு)

பேராசிரியர் அம்மா, இது என்ன? சோதனை! மறுசோதனையும் இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) இதைக் கேட்டுச் சிரிக்கிற ஏழு வயசுப் பிள்ளை எதுக்குச் சிரிக்குது? "ஆறு மாறலைடா, மாறினது கட்டை, கட்டை அணைஞ்சு போச்சுடா" என்று அதுக்குத் தெரியுது. சோதனையில் எது மாறியது என்று பார்க்கணும். இதைத்தானே நீங்க கல்லூரியில் மூணு வருஷம் சொல்லிக் கொடுக்கறீங்க?

நாங்க சின்ன வயசில் செய்தே பார்த்திருக்கிறோம். நான் கிளியூர்ப் பக்கத்து ஆள். கிளியூர் அருவிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் ஓடையாகப் போய் அங்கே 300 அடி கீழே விழுது. மழைக்காலத்தில் வந்தால் அருவி. இப்போ கோடையில் வந்திருக்கீங்க, பாறையைப் பார்த்துட்டுப் போங்க. அருவி தூங்குது! (சிரிப்பு) அந்த ஓடைக்கு நாங்க நாலு பையன்கள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு போனோம். ஆறு விழிச்சிருந்ததோ இல்லையோ, அம்மா விழிச்சிருந்தாங்க. அதே கட்டையாலே வாங்கினேன். (பலத்த சிரிப்பு)

இப்போது அந்த "அதே ராஜா, அதே மரம்" விஷயத்துக்கு வர்றேன். அம்புலிமாமா. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கினார்கள். சுதந்திரம் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நமக்கு நிலா வந்துட்டுது. (கைதட்டல்) நாகி ரெட்டியும் சக்ரபாணியும் நடத்தினார்கள். 1957-ல் மாயாபஜார் படம் எடுத்ததும் அவர்களேதான். ரங்காராவ் கடோத்கசனாக வந்து ஒரு கல்யாண விருந்தையே தனியாளாகக் காலி பண்ணுவாரே! அந்த அரக்கனைப் பார்த்து எந்தக் குழந்தையாவது பயந்ததா? "இன்னொரு லட்டு எடுத்துக்கோ மாமா" என்றுதான் சொல்லத் தோணும். 1990-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டெய்க் என்பவர் ஷ்ரெக் என்று ஒரு பச்சை ராட்சசனைக் கதாநாயகனாக்கி எழுதினார். 2001-ல் படமாக வந்ததும் உலகமே கொண்டாடியது. நம்ம கடோத்கசனுக்கு அவன் தம்பி முறை. (சிரிப்பு)

அம்புலிமாமாவில் விக்கிரமன் தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு நடந்து வருகிற படம் இருக்கே, அதை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020-ல் காலமானார். மூலக் கதைகள் வடமொழியில் இருபத்தைந்துதான். அங்கே வேதாளம் தொங்குவது வேற மரம். தமிழில் வந்ததும் நாம அதை முருங்கை மரத்தில் ஏத்திட்டோம். பேய்க்கும் சாம்பாருக்கும் ஒரே மரம்! (சிரிப்பு) இருபத்தைந்து தீர்ந்தபிறகும் அம்புலிமாமா விடலையே. புதுசு புதுசாக எழுதி வேதாளத்தைப் பல வருஷம் தொங்கவிட்டது. எல்லாக் கதையும் நல்ல கதை என்று நான் சொல்ல மாட்டேன். சில மாசம் வேதாளத்துக்கே தூக்கம் வந்திருக்கும்.

ஆனால் அம்மா, மாசா மாசம் ஒரே மாதிரி தொடங்கியதே, அதுதான் என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கு. நான் திக்குவாய்ப் பையன்.

இப்போ மடமடன்னு பேசறேனே என்று பார்க்கறீங்க. பத்து வயசில் என் பேரைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகும். வகுப்பில் எழுந்து நின்றால் நான் வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சு சிரிக்கும். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். அப்பா மாசம் ஒருதரம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போவார். வரும்போது பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த அம்புலிமாமா நாலு வாங்கி வருவார். எங்க அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. கண்ணிலும் புரை. "வாசிடா சாமி" என்று உட்கார்ந்துடுவாங்க. சாயங்காலம் காப்பிக் கொட்டை பொறுக்கிவிட்டு வருகிற பொம்பளைங்களும் நாலைந்து பேர் வந்துடுவாங்க. வேதாளக் கதையின் முதல் வாக்கியம் ஒவ்வொரு மாசமும் ஒன்றே. எனக்கு அது மனப்பாடம். மனப்பாடமான வாக்கியத்தில் நாக்கு சிக்காது. வண்டி தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோமில்ல, அந்த மாதிரி அந்த ஒரு வரி என்னைத் தள்ளிவிடும். அந்த வேகத்திலேயே ரெண்டு பாரா ஓடிடுவேன். நடுவில் நின்றாலும் அம்மாயி அவசரப்படுத்த மாட்டாங்க. "வேதாளம் மரத்துக்குப் போயிருக்குது, வரட்டும், இரு" என்பாங்க. (கைதட்டல்)

எதிரணியில் அந்தத் தம்பி கேட்டார், "இந்தக் கதைகளை நம்பிப் பிள்ளைகள் கெட்டுப்போகாதா?" என்று. நம்புவார்கள் தம்பி. நானே நம்பினேன். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகையில் கூண்டு, கூண்டில் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள்ளே ராட்சசன் உயிர். இந்தக் கதை கேட்காத பிள்ளை இல்லை. எங்க ஊர் பேரே கிளியூர். சுற்றிலும் மலை. எண்ணிப் பார்த்தால் ஏழு தேறும்! (சிரிப்பு) அந்த வருஷ மழையில் அம்மாயி படுத்துட்டாங்க. நான் என்ன முடிவு பண்ணினேன் தெரியுமா? எங்க அம்மாயி உயிரும் இங்கேதான் ஏதோ ஒரு பச்சைக்கிளியில் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாமல் பார்த்துக்கணும். ஓடைப் பக்கத்துக் கொய்யா மரத்தடியில் பள்ளிக்கூடம் போகாமல் நாலு நாள் காவல் இருந்தேன். பூனை வந்தால் கல்லால் அடித்தேன். கவட்டை வில்லோடு வந்த பையனோடு கட்டிப் புரண்டேன்.

அஞ்சாம் நாள் அம்மாயி போயிட்டாங்க. கிளிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

(அரங்கில் அமைதி)

அன்னிக்கு ராத்திரி சாவு வீட்டில் பெரியம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "நாலு நாளா எங்கடா போனே? கிழவி உன்னைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தா?" சொன்னேன். கிளி, பூனை, கவட்டை வில், எல்லாம். அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தராகச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. எங்க அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கிட்டாங்க. சொல்லும்போது ரெண்டு இடத்தில் திக்கிச்சு. யாரும் கவனிக்கலை.

(நீண்ட கைதட்டல்)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சித்தி என்றால் கொடுமைக்காரி, கிழவி என்றால் சூனியக்காரி, கறுப்பு என்றால் ராட்சசன். இந்தக் கோளாறு பல கதைகளில் இருக்கத்தான் செய்கிறது. "பாதி ராஜ்யத்தையும் இளவரசியையும் பரிசாகக் கொடுத்தார்" என்று என் மகளுக்குப் படித்தபோது, எட்டு வயசுக் குழந்தை கேட்டாள்: "இளவரசிகிட்ட யாராச்சும் கேட்டாங்களாப்பா?" நான் வேதாளம் மாதிரி மரத்துக்கே போயிட்டேன். (சிரிப்பு) அப்படிக் கேட்க அவளுக்கு எங்கேயிருந்து வந்தது? ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்குதே, அதைக் கேட்டுக் கேட்டு வந்தது என்று நான் நினைக்கிறேன். உங்க பாடப்புத்தகத்தில் கேள்வியோடு விடையும் நோட்ஸில் வருதுங்க.

வாண்டுமாமா என்று ஒரு மனுஷர் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் 1925-ல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. கோகுலம், பூந்தளிர் என்று வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்கே உழைத்து 2014-ல் மறைந்தார். அவர் எழுதிய மந்திரவாதிகளைப் பார்த்து நாங்க நடுங்கினோம், பக்கத்திலேயே சிரிக்கவும் வைத்தார். இன்று அம்புலிமாமா வருவதில்லை, பூந்தளிர் வருவதில்லை. கையில் இருப்பது போன். அதிலும் பூதம் இருக்கு. தேய்த்தால் வருது! (சிரிப்பு) ஆனால் அந்தப் பூதம் நடுவில் நின்று, "இரு, வரட்டும்" என்று காத்திருக்காதுங்க.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா. ஒரே ஒரு கேள்வி. வேதாளத்தின் கடைசிப் புதிர். ஒரு தகப்பனும் மகனும் காட்டில் ரெண்டு பெண்களின் காலடியைப் பார்க்கிறார்கள். பெரிய கால் தாயாகத்தான் இருக்கும், அவளை அப்பா கட்டணும். சின்னக் கால் மகள், அவளை மகன் கட்டணும் என்று ஒப்பந்தம். போய்ப் பார்த்தால் பெரிய கால்காரிதான் மகள்! சொன்ன சொல் தவறாமல் அப்பா மகளைக் கட்டினார், மகன் தாயைக் கட்டினான். ரெண்டு பேருக்கும் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? (சிரிப்பு) விடை தெரிஞ்சும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாக வெடிச்சிடும். தெரியலைன்னா வாயைத் திறக்க வேண்டாம், விக்கிரமனே இதுக்கு மௌனமாகத்தான் இருந்தான். நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க, நான் என் மரத்துக்குப் போறேன்.

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)