மணலும் மனுவும்



நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். இரங்குதல் பாட்டுக்குப் போதும், மனுவுக்குப் போதாது. இழப்புக்குக் காரணம் இன்னதென்று மனுவில் எழுதியாக வேண்டும். காலாப்பட்டுக் கடற்கரையின் வழக்கு அந்தச் சொல்லைப் பற்றியதே.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கே நடத்திச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் மட்டும் திசை மாறும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, அந்த நடைக்குக் குறுக்கே கல் விழுந்தது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது முறையாக நடைபெறவில்லை. நகரின் மணற்கரை மறைந்து கருங்கல் வந்தது. கல் கொட்டிய ஊர் நிற்கும்; அதற்கு வடக்கேயுள்ள ஊர் கரையும்.

அரசு வழக்கில் இதற்குப் பெயர் 'கடல் அரிப்பு'. சொல்லைக் கவனியுங்கள், எழுவாய் கடல். கடல் குற்றவாளியானால் கோப்பு நிவாரணத்துக்குப் போகும். துறைமுகம் காரணமென்றால் அது கொள்கையாகிவிடும். பாண்டிகேன் என்னும் குடிமக்கள் அமைப்பு பல்லாண்டுகளாகச் செய்த தலையாய பணி, இந்த எழுவாயை மாற்றியதே. அளவைகளையும் படங்களையும் திரட்டி, பசுமைத் தீர்ப்பாயம் வரை அது சென்றது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தது. கொட்டிய மணலும் தங்க, நகரில் மீண்டும் கரை தெரிந்தது. எதிர்த்து வாதிட்டவர்களும் அரசின் பொறியாளர்களும் ஒரே மணலைப் பேசிய அரிய தருணம் அது.

ஆனால் அது நகரத்து மணல். காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்ததாயினும் நகரோடு ஒட்டியதன்று. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லையின்படி இடையே கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. ஒரே மணலுக்கு இரண்டு அரசுகள். மேலே மத்திய அரசு வேறு. ஒன்றன் சுவர் மற்றதன் குப்பத்தை அரிக்கிறது. எல்லை தாண்டி எழுத அதிகாரிக்குக் கை வராது. குடிமக்கள் அமைப்புக்கு வரும்.

இனி இடர்ப்பாடான இடம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது பிள்ளைச்சாவடியில் வீடுகள் கடலுக்குள் சரிந்தன. அங்குள்ள மீனவர் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்வரிசை. சூழல் அமைப்புகள் வேண்டாமென்பதும் அதையேதான். அறிவியல் அமைப்புகளின் பக்கம் என்பது உண்மை. ஆயினும் அடுப்படி வரை அலை வந்தவனிடம் மணல் நடையின் இலக்கணம் சொல்வது நாகரிகமாகாது. அவனுக்கும் ஓர் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. பதிவு எண் இல்லாத, தொன்மையான அமைப்பு அது. கொள்கை பேசும் மேசையில் அதற்கு நாற்காலி இடாமல் 'மக்கள் சார்பில்' என்று எழுதப்படும் மனுக்கள் உண்டு. அரசு எளிதில் ஒதுக்குவதும் அத்தகைய மனுக்களைத்தான். ஊரும் அமைப்பும் முரண்படும்போது அரசு கல்லைக் கொட்டிவிடும். கல் கண்ணுக்குத் தெரியும், படமெடுக்கலாம்.

பிள்ளைச்சாவடியில் கல் விழுந்தால் அடுத்தது சின்னக் காலாப்பட்டு. பிறகு பெரிய காலாப்பட்டு, கனகசெட்டிகுளம். அதற்கும் வடக்கே மறுபடியும் தமிழ்நாடு.