வயித்து வலி எல்லாமே வாயு இல்லை

(செஞ்சியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வயித்து வலி வந்தா நாம என்ன செய்வோம்? "வாயுவா இருக்கும்"னு சொல்லி சோடாவோ ஓமத்தண்ணியோ குடிச்சிட்டு வேலையைப் பார்ப்போம். எங்க சித்தியும் மூணு நாள் அப்படித்தான் இருந்தாங்க. வலி முதுகு வரைக்கும் போச்சு. வாந்தியும் நிக்கலை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தப்பதான், பித்தப்பைக் கல் நழுவி வந்து கணையத்தைப் புண்ணாக்கியிருக்குன்னு தெரிஞ்சுது.

கணையம் எங்கே இருக்கு? இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குள் அடங்கிடும்.

நம்ம செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் மதில் ஒண்ணா சேர்க்குது. கல்லீரல், பித்தப்பை, கணையம் மூணும் அதே மாதிரிதான். அதுகளை ஒண்ணா சேர்க்கிறது குழாய்.

நாம சாப்பிடுற சோறு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து கூழாகி, சிறுகுடலுக்கு வருது. உடனே கணைய நீர் வந்து அமிலத்தை முறிக்கும். சோத்துல உள்ள மாவுச்சத்து, பருப்புல உள்ள புரதம், எண்ணெயில் உள்ள கொழுப்பு எல்லாத்தையும் உடைக்கும். கல்லீரல் சுரக்கிற பித்தநீரைப் பித்தப்பை சேமிச்சு வச்சிருந்து, சாப்பிட்டதும் அனுப்பும். பித்தநீர் எண்ணெயைச் சின்னத் துளிகளாப் பிரிச்சுக் கொடுத்தாதான், கணைய நீர் அதை நல்லா செரிக்க வைக்கும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் கணையத்தில்தான் சுரக்குது.

பெரும்பாலும் பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து ஒரே வாயில் வழியா சிறுகுடலில் திறக்கும். அந்த வாயிலைக் கல் அடைச்சா, சோத்தைச் செரிக்க வேண்டிய நீர் கணையத்தையே அரிக்க ஆரம்பிச்சிடும். உயிருக்கே ஆபத்து. பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். குடிப்பழக்கமும் கணையம் கெடுறதுக்குப் பெரிய காரணம். இதை வீட்டு ஆம்பிளைங்ககிட்டயும் சொல்லுங்க.

மேல்வயித்துல விடாத வலி, அது முதுகுக்குப் பரவுறது, தொடர் வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாகுறது – இதுல எது இருந்தாலும் மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முடியலைன்னா 108-க்கு போன் பண்ணுங்க.

"கையில காசு இல்லையே"ன்னுதான் சித்தி மூணு நாள் வலியைச் சொல்லலை. அவங்க குழுவுல சேமிப்பு இருந்துச்சு, கேட்கத்தான் கூச்சம். அடுத்த குழுக் கூட்டத்துல, அவசர வைத்தியத்துக்கு அன்னிக்கே உள்கடன் தரணும்னு தீர்மானம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்க. கறவை மாட்டுக்குக் கடன் கேட்கிற நாம, நம்ம உடம்புக்கும் தைரியமா கேட்போம்.