தங்கத் தாத்தா



ஒரு புலவருக்கு ஊர் வழங்கும் உயர்ந்த விருது எது? நவாலியூர் சோமசுந்தரப் புலவருக்கு அது 'தங்கத் தாத்தா' என்ற உறவுப் பெயராகவே வாய்த்தது.

1878இல் யாழ்ப்பாணத்து நவாலியிலே பிறந்த புலவர், வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தவர். மரபுப் பிரபந்தங்களில் வல்லவர். அட்டகிரிக் கலம்பகமும் கதிரைச் சிலேடை வெண்பாவும் அவரது யாப்பு வன்மைக்குச் சான்று. அவற்றை இன்று கற்போர் சிலரே. ஆனால், ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பற்றி அவர் பாடியவற்றைக் கேளாது வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அரியர்.

காரணம் யாது? புலவர் பிள்ளைகளுக்கு எட்ட நின்று புத்தி சொல்லவில்லை. விடுமுறைக்கு முதல்நாட் குதூகலம், அடுப்பிலே கொதிக்கும் கூழ், கொழுக்கட்டை, தோட்டத்து வெருளி எனப் பிள்ளை கண்டதையே பாடினார். அறிவுரைக்கு முன்னே மகிழ்ச்சி வந்தது. சிலேடை பாடிய புலமைதான் இந்த எளிமையையும் ஆக்கியது. எளிய சொல்லைத் தேர்வது எளிய வேலையன்று.

1953 ஜூலையில், ஆடிப்பிறப்புக்குச் சில நாட்களே இருக்கையில் புலவர் மறைந்தார். அவரது சிறுவர் பாடல்கள் 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் நூலாயின.

இன்று உள்ளூரிலும் கடல்கடந்த ஊர்களிலும் பாட்டை மனனஞ் செய்விக்கிறோம். கூழ் காய்ச்ச மறந்துவிடுகிறோம். சுவைத்தறியாத நாவிலே அப்பாட்டு வெறும் பாடமாகிவிடும். வரும் ஆடிப்பிறப்பன்று பிள்ளைகளின் கையிலே பலாவிலையைக் கோலிக் கொடுத்துக் கூழ் வாருங்கள். பாட்டைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.