குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி!

(தேனியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



களையெடுத்துவிட்டு வந்த ஒரு தாய் என்னைக் கேட்டார்: “தம்பி, குரங்கிலிருந்து மனுசன் வந்தான்னு சொல்றீங்களே, சுருளியிலே என் பையைப் பிடுங்கின குரங்கு ஏன் இன்னும் மனுசனாகலே?”

நியாயமான கேள்வி. விஞ்ஞானம் அப்படிச் சொல்லவே இல்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் ஒரே மூதாதை என்பதே 1871-ல் டார்வின் விளக்கிய உண்மை. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பம் கிளை பிரிந்தது. ஒரு கிளையில் இன்றைய குரங்கு. மறு கிளையில் நாம். ஆகவே குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி!

உங்கள் கையைப் பாருங்கள். மரக்கிளையைப் பற்றுவதற்கென்று அமைந்த கை அது. அந்தக் கைதான் இன்று ஆலையில் அறுந்த நூலை இணைக்கிறது; சின்னமனூர் வயலில் நாற்று நடுகிறது. இந்த மாறுதல் எப்படி வந்தது? நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தனர். கை விடுதலை பெற்றது. கல்லைச் செதுக்கிக் கருவி செய்தது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! உழைப்பு கையைப் பக்குவப்படுத்தியது, கை மனிதனை உருவாக்கியது என்று 1876-ல் எங்கெல்ஸ் எழுதினார். கைவேலை இழிவு என்பவன் தன் மனிதப் பிறப்பையே இழிவுபடுத்துகிறான்.

சரி, மரத்திலேயே தங்கிவிட்ட பங்காளி சும்மாவா இருக்கிறான்? மேகமலைச் சோலைகளில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்குச் சொந்தக் காடு இல்லை. அது அத்திப் பழம் தின்கிறது, எச்சத்தில் விதை விழுகிறது, மரம் முளைக்கிறது. அந்தக் காட்டு மண் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. சுருளி அருவியும், வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும் இப்படிக் காடு காத்துத் தரும் தண்ணீர்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் இச்சோலைகளை வெட்டித் தேயிலை போட்டார்கள். லாபம் தோட்ட முதலாளிக்கு. அட்டைக்கடியும் அரைக்கூலியும் தொழிலாளிக்கு. துண்டு துண்டான காடு குரங்குக்கு. கிளைக்குக் கிளை தாவி வாழும் பிராணிக்கு மரம் போனால் வழியும் போயிற்று.

மூடநம்பிக்கையும் தன் பங்குக்குக் கொன்றது. லேகியத்துக்கென்று கருமந்தியைச் சுட்டார்கள். மாந்திரீகத்துக்கென்று தேவாங்கைப் பிடித்தார்கள். கருமந்தியின் மாமிசம் நோயைத் தீர்க்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கியுள்ளது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கென்றே கடவூர் சரணாலயம் அமைந்தது. நல்லது. ஆனால் சட்டமும் பலகையும் மட்டும் காட்டைக் காக்காது. மக்கள் காக்க வேண்டும்.

வாழையைக் குரங்கு அழித்தால் ஏழை விவசாயி நஷ்டஈடு கேட்பது நியாயம். அதற்காகப் போராடுவோம். அதே வேளையில், வழியில் தின்பண்டம் வீசி அதைப் பிச்சைக்குப் பழக்காதீர்கள், லேகியம் வாங்காதீர்கள், சோலையில் கோடரி விழுந்தால் வாய்மூடி நிற்காதீர்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: “அம்மா, அது மனுசனாக வேண்டியதில்லை. அது காட்டிலே தன் வேலையைச் செய்யட்டும். நாம் நாட்டிலே நம் வேலையைச் செய்வோம்.”